மதகுக் கதவும் கணினி வலையும்

கோலசிலாங்கூரின் கடலோரம் களிமண் நிலம். ஆறும் கடலும் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த மண் அது. அங்கே பல இடங்களில் தோட்டத்து நிலமும் வயலும், கடல் பெருகும் நேரத்து நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கின்றன. மலாக்கா நீரிணையில் கடல் நாள்தோறும் இரண்டு முறை பெருகி, இரண்டு முறை வற்றுகிறது. பெருகும் நீர் உள்ளே வராமலிருக்கக் கரை நெடுகிலும் மண்ணால் அணை எழுப்பியிருக்கிறார்கள். ஆனால், அணை மட்டும் போதாது. மழை பெய்தால் தோட்டத்து வாய்க்கால்களில் சேரும் தண்ணீர் கடலுக்குப் போக வழி வேண்டும். அதற்காகத்தான் மதகுகள்.

மதகுகளில் ஒருவகை, மேல்விளிம்பில் கீல் வைத்துத் தொங்கவிட்ட இரும்புக் கதவு. கடல் பெருகும்போது கடல்நீரே கதவை அழுத்தி மூடிவிடும். கடல் வற்றியதும் வாய்க்கால் நீர் உள்ளிருந்து தள்ள, கதவு தானாகத் திறந்துகொள்ளும். திறக்கவும் மூடவும் ஆள் தேவையில்லை. நள்ளிரவில் ஊர் உறங்கும்போதும் அந்தக் கதவு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அது வளைந்தாலோ வெடித்தாலோ உப்புநீர் வாய்க்கால் வழியாக உள்ளே ஏறிவிடும். நெற்பயிர் கருகும், செம்பனையின் வேர் கெடும், மண்ணில் தங்கிய உப்பை மழைநீர் கழுவித் தீர்க்க நீண்ட நாள் ஆகும்.

அப்படிப்பட்ட கதவு எவ்வளவு சுமையைத் தாங்குகிறது? எடுத்துக்காட்டாக, இரண்டு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். கடல்நீர் அதன் மேல்விளிம்பு வரை நிற்கிறது. உட்புற வாய்க்காலில் நீர் இல்லை. நீரின் அழுத்தம் ஆழத்திற்கு ஏற்பக் கூடும் என்பது அறிவியல் பாடத்தில் படித்ததுதான். மேல்விளிம்பில் அழுத்தம் சுழியம். கீழ்விளிம்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோ நியூட்டன். சராசரி 10 கிலோ நியூட்டன் என்றால், நான்கு சதுர மீட்டர் பரப்பின் மீது மொத்தம் 40 கிலோ நியூட்டன். அதாவது, நான்கு டன் எடையைக் கதவின் மீது சாய்த்து வைத்ததற்குச் சமம். இந்த 40 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் அது தேவைப்படும்.

மொத்தச் சுமையைக் கண்டுபிடிப்பது எளிது. அந்தச் சுமை தகட்டின் எந்த இடத்தில் எவ்வளவு இறுக்கத்தை உண்டாக்குகிறது என்பதுதான் கடினமான கேள்வி. பொருளுக்குள் ஒவ்வோர் இடத்திலும் ஏற்படும் அந்த இறுக்கத்தைத் தகைவு என்பர். ஓட்டையோ சட்டமோ இல்லாத வெறும் சதுரத் தகடு என்றால் நூலில் உள்ள வாய்பாட்டைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம். உண்மையான கதவோ அப்படி இருப்பதில்லை. தகடு வளையாமலிருக்க அதன் பின்புறம் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள் பற்றவைக்கப்பட்டிருக்கும். மேலே கீலைப் பொருத்துவதற்குத் துளைகள் இருக்கும். இத்தனையையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லும் வாய்பாடு எந்த நூலிலும் இல்லை.

வாய்பாடு இல்லாத வடிவத்தை, வாய்பாடு உள்ள சிறு சிறு வடிவங்களாக உடைத்துவிடலாம் என்பதே பொறியியலாளர்கள் கண்ட வழி. 1943ஆம் ஆண்டில் ரிச்சர்ட் கூரன்ட் என்ற கணித அறிஞர், முறுக்கப்படும் தண்டைப் பற்றிய ஒரு கணக்கைத் தீர்க்க அதன் குறுக்குவெட்டைச் சிறு முக்கோணங்களாகப் பிரித்துக் காட்டினார். 1950களில் விமான இறக்கைகளின் உறுதியைக் கணக்கிடும் முயற்சியில் ரே கிளஃப் உள்ளிட்ட பொறியியலாளர்கள் இதே எண்ணத்தை வளர்த்தனர். 1960இல் கிளஃப் இந்த முறைக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் அதை முடிவுறு கூறுமுறை எனலாம். எண்ணி முடிக்கக்கூடிய அளவிலான கூறுகள் என்பது அதன் பொருள்.

இந்த முறையில் தகடு முழுவதும் சிறு நாற்கரங்களாலோ முக்கோணங்களாலோ நிரப்பப்படும். அவை ஒவ்வொன்றும் ஒரு கூறு. கூறுகளின் மூலைகள் கணுக்கள் எனப்படும். கூறுகளும் கணுக்களும் சேர்ந்து மீன்பிடி வலையைப் போலத் தோன்றுவதால் மொத்த அமைப்புக்கு வலை என்று பெயர். ஒரு கணுவை இழுத்தால் அதைப் பகிர்ந்துகொள்ளும் பக்கத்துக் கூறுகளும் இழுபடும். இப்படி ஆயிரக்கணக்கான கணுக்களுக்கும் சமன்பாடுகள் எழுதப்படுகின்றன. அவற்றைத் தீர்ப்பது கணினியின் வேலை. வலையைப் பின்னுவதையும் பெரும்பாலும் கணினியே செய்துவிடுகிறது. ஆனால், வலை பின்னுவதற்கு முன்னால் பரப்பை எங்கே வெட்ட வேண்டும், எங்கே வெட்டக்கூடாது என்று முடிவு செய்வது இன்றும் பெரும்பாலும் மனிதரின் வேலையாகவே இருக்கிறது. அனுபவம் உள்ள பொறியியலாளரும் இதற்காக மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.

பரப்பைப் பிரிப்பது வேறு, கூறுகளை இடுவது வேறு. முதலில் பெரிய துண்டுகள். பிறகு ஒவ்வொரு துண்டுக்குள்ளும் சிறு கூறுகள். தோட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கோலசிலாங்கூர் மாவட்டத்தின் பத்தாங் பெர்ஜுந்தை, இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் ஊர். அதற்கு அருகில்தான் 1917இல் நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அதன் பெயர் தென்னமரம் தோட்டம். செம்பனைக்குப் பேர்போன இடத்திற்குத் தென்னையின் பெயர் அமைந்தது ஒரு வேடிக்கைதான். எந்தத் தோட்டத்திலும் கன்று நடுவதற்கு முன் காடு முழுவதும் ஒரே மூச்சில் குச்சி ஊன்றிக்கொண்டு போவதில்லை. முதலில் சாலையும் வாய்க்காலும் நிலத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும். அதன் பிறகுதான் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் நிரை பிடித்துக் குச்சி ஊன்றுவார்கள். வாய்க்காலை மறந்துவிட்டு நிரை போட்டால் சில கன்றுகளுக்கான குச்சி தண்ணீருக்குள் நிற்கும்.

மதகுக் கதவிலும் இதே தவறு நேரலாம். தகட்டின் கனம் 10 மில்லிமீட்டர், அகலம் 2000 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அகலத்தில் இருநூறில் ஒரு பங்குதான் கனம். ஆகவே, கணினியில் தகட்டைக் கனமே இல்லாத ஒரு பரப்பாக வரைந்துவிட்டு, கனத்தை ஓர் எண்ணாக மட்டும் கொடுப்பது வழக்கம். சட்டங்களையும் அப்படியே வரையலாம். இப்போது திரையில் தகடும் சட்டமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, பற்றவைத்தது போலவே தோன்றும். ஆனால், தகடு ஒரே பரப்பாக இருந்தால், அதன் மீது வலை பின்னும் கணினிக்குச் சட்டம் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. தகட்டின் கணுக்கள் ஓரிடத்திலும் சட்டத்தின் கணுக்கள் வேறிடத்திலும் விழும். பகிர்ந்துகொள்ளும் கணு இல்லை என்றால் கணக்கைப் பொறுத்தவரை இரண்டுக்கும் தொடர்பே இல்லை. கண்ணுக்குச் சட்டம் தகட்டைத் தாங்குகிறது; கணக்கில் அது காற்றில் நிற்கிறது.

எனவே, சட்டம் தகட்டைத் தொடும் கோடு நெடுகிலும் தகட்டை வெட்ட வேண்டும். மூன்று கிடைச்சட்டங்களும் இரண்டு நெடுஞ்சட்டங்களும் கதவின் ஓரம் முதல் ஓரம் வரை சென்றால், தகடு நான்கு வரிசையும் மூன்று நிரலும் கொண்ட 12 துண்டுகளாகும். வெட்டியது கத்தரித்துப் போடுவதற்காக அல்ல. பக்கத்துத் துண்டுகள் இரண்டும் அவற்றுக்கு இடையிலுள்ள சட்டமும் ஒரே விளிம்பைப் பகிர்ந்துகொள்ளும்படி அமைக்க வேண்டும். அப்போது அந்த விளிம்பில் விழும் கணுக்கள் மூன்றுக்கும் பொதுவாகிவிடும். சட்டம் உண்மையிலேயே தகட்டைத் தாங்கத் தொடங்கும்.

அடுத்தது துளை. இழுக்கப்படும் அகன்ற தகட்டில் சிறிய வட்டத் துளை ஒன்று இருந்தால், அத்துளையின் விளிம்பில் தகைவு மூன்று மடங்காக உயரும். ஜெர்மானியப் பொறியியலாளர் கிர்ஷ் இதை 1898ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். கதவு ஒவ்வொரு நாளும் பலமுறை ஆடுகிறது. அந்த ஆட்டத்தைத் தாங்குவது கீலின் ஆணித் துளைகள். வெடிப்பு தொடங்கினால் அங்கேதான் தொடங்க வாய்ப்பு மிகுதி. அந்த இடத்தில் கூறுகள் மிகச் சிறியவையாக இருந்தால்தான் தகைவின் ஏற்றத்தைப் பிடிக்க முடியும்.

அப்படியானால் கதவு முழுவதும் மிகச் சிறிய கூறுகளையே இட்டால் என்ன? கூறின் பக்க அளவு 100 மில்லிமீட்டர் என்றால் தகட்டுக்கு 400 கூறுகள் போதும். அதை 50 மில்லிமீட்டராகப் பாதியாக்கினால் 1600 கூறுகள். எங்கும் 5 மில்லிமீட்டர் என்றால் 160,000 கூறுகள். ஒரு சிறு கதவுக்கே இந்தக் கணக்கு என்றால் பாலத்துக்கும் கப்பலுக்கும் எவ்வளவு ஆகும்? ஆகவே, தேவையான இடத்தில் மட்டும் சிறியவை, மற்ற இடங்களில் பெரியவை என்று இடுவதுதான் நடைமுறை. பரப்பைப் பிரித்துவைத்தால்தான் அது முறையாக நடக்கும்.

துளையைச் சுற்றி முதலில் ஒரு சதுரம் வரைவார்கள். சதுரத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் துளையின் விளிம்பு வரை நான்கு கோடுகள். இப்போது துளையைச் சுற்றி நான்கு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கங்கள்: வெளியே சதுரத்தின் ஒரு பக்கம், உள்ளே வட்டத்தின் ஒரு வில், இரு ஓரங்களிலும் இரு கோடுகள். வெளிப்பக்கத்தை எட்டாகப் பிரித்தால் உள்வில்லையும் எட்டாகவே பிரிக்க வேண்டும். ஒரு கோட்டை ஐந்தாகப் பிரித்தால் எதிர்க்கோட்டையும் ஐந்தாகவே பிரிக்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களில் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் துண்டுக்குள் வலை சீராக விழும். எட்டும் ஐந்தும் பெருகி 40 கூறுகள். நான்கு துண்டுகளுக்கும் 160. அவை துளையை நெருங்க நெருங்கச் சிறுத்து, சிலந்திவலையைப் போல வட்டமிட்டு நிற்கும். வெட்டாமல் விட்டிருந்தால் அதே இடத்தில் கோணல்மாணலான கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும்.

நாற்கரமா, முக்கோணமா என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. செம்பனைத் தோட்டத்தில் முக்கோணத்திற்கே முதலிடம். மரத்துக்கு மரம் 9 மீட்டர் இருக்கும்படி சமபக்க முக்கோணமாக நட்டால் ஒரு ஹெக்டருக்கு ஏறத்தாழ 142 மரங்கள் நிற்கும். அதே இடைவெளியில் சதுரமாக நட்டால் 123தான். தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வயல்களைப் பார்த்தாலோ வரப்பும் வாய்க்காலுமாகச் செவ்வகம் செவ்வகமாக நீள்கின்றன; நீர் பாய்ச்சுவதற்கும் இயந்திரம் ஓட்டுவதற்கும் அதுதான் வசதி. தகட்டின் கணக்கில் பெரும்பாலும் வயலின் வழியே வெல்கிறது. மூன்று கணுக்கள் மட்டுமே உள்ள எளிய முக்கோணக் கூறில் தகைவு முழுவதும் ஒரே அளவாகத்தான் இருக்க முடியும். ஒரு மூலையில் கூடவும் இன்னொரு மூலையில் குறையவும் அதற்குத் தெரியாது. அதனால், உண்மையான தகட்டைவிடக் கணக்கில் உள்ள தகடு விறைப்பாகிவிடுகிறது. நாற்கரக் கூறு அவ்வளவு பிடிவாதம் காட்டுவதில்லை. ஆனால், நாற்கரம் சதுரத்தை ஒத்திருக்க வேண்டும். நசுங்கிச் சாய்ந்த நாற்கரம் நல்ல முக்கோணத்தைவிட மோசமான விடையைத் தரலாம்.

வெட்டுவதில் ஆர்வம் மிகுந்துவிட்டாலும் ஆபத்துதான். துளையைச் சுற்றி வரைந்த சதுரத்தின் ஓரம் ஒரு நெடுஞ்சட்டத்தின் கோட்டுக்கு 3 மில்லிமீட்டர் தள்ளி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவில் 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஓலைக்கீற்றைப் போன்ற ஒரு துண்டு உண்டாகும். அதற்குள் நுழையும் கூறுகள் எல்லாம் ஊசிபோல ஒடுங்கிவிடும். இங்கே கெட்டிக்காரத்தனமான வேலை இன்னொரு வெட்டு போடுவது அல்ல. சதுரத்தைச் சற்றே பெரிதாக்கி, அதன் ஓரத்தைச் சட்டத்தின் கோட்டின் மீதே அமர்த்துவதுதான். அதுபோலவே, வரைபடத்தில் இருக்கும் எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டியதில்லை. கதவின் மூலையில் பொறித்த எழுத்துகள் வலிமையைத் தொடுவதில்லை, அவற்றை நீக்கிவிடலாம். காரணமில்லாமல் பரப்பின் நடுவே ஓடும் கோடுகள் இருந்தால் அவற்றை அழித்து, இரு துண்டுகளை ஒன்றாக்கிவிடலாம்.

இதெல்லாம் திரையில் அழகாகத் தெரிவதற்காகச் செய்யும் நுணுக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் நார்வேயில் நடந்தது அதற்குச் சான்று. ஸ்தவாஞ்சர் நகருக்கு அருகில், காண்ட்ஸ்பியோர்ட் என்ற ஆழமான கடற்கழியில், ஸ்லைப்னர் 'ஏ' என்ற எண்ணெய், எரிவாயு மேடையின் அடித்தளம் நீரில் இறக்கப்பட்டுக்கொண்டிருந்தது. கற்காரையால் ஆன 24 பெரிய அறைகளைக் கொண்ட மாபெரும் கட்டுமானம் அது. உருளை வடிவ அறைகள் மூன்று ஒன்றையொன்று தொடும் இடங்களில், நடுவே முக்கோணமான ஓர் இடைவெளி அமையும். அந்த இடைவெளிக்குள் கடல்நீர் நிற்கும். அதன் சுவரைச் சுற்றிலுமிருந்து அழுத்தும். அடித்தளம் ஏறத்தாழ 65 மீட்டர் ஆழத்திற்கு இறங்கியபோது அப்படிப்பட்ட ஒரு சுவர் பிளந்தது. உள்ளே புகுந்த நீரை வெளியேற்ற எக்கிகளால் முடியவில்லை. சிறிது நேரத்தில் முழுக் கட்டுமானமும் மூழ்கி, கழியின் அடியில் மோதி நொறுங்கியது. அந்த மோதலை நில அதிர்வுக் கருவிகள் 3.0 அளவு நடுக்கமாகப் பதிவு செய்தன. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. பொருளிழப்பு ஏறத்தாழ 70 கோடி அமெரிக்க டாலர்.

விசாரணை காட்டிய காரணங்களில் முதன்மையானது வலை. முக்கோண இடைவெளியின் சுவர்கள் சந்திக்கும் இடத்தில் இடப்பட்ட கூறுகள் பெரியவையாகவும் கோணியவையாகவும் இருந்தன. அதனால், சுவரை அறுக்க முயலும் விசையின் தகைவு உண்மையைவிட 47 விழுக்காடு குறைவாகக் கணக்கில் வந்தது. அந்தக் கணக்கை நம்பிச் சுவர் மெல்லியதாகக் கட்டப்பட்டது; உள்ளே வைத்த இரும்புக் கம்பிகளின் அமைப்பும் அந்த இடத்தில் போதுமானதாக இல்லை. பின்னர் அதே இடத்தைக் கவனமாகப் பிரித்து மறுபடியும் கணக்கிட்டபோது, சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உடைந்தது 65 மீட்டரில். முறை சரியாகத்தான் இருந்தது. அதே முறையை முதலிலேயே ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் அந்தச் சுவர் வேறு விதமாகக் கட்டப்பட்டிருக்கும்.

ஒரு கணக்கை நம்பலாமா என்று அறிவது எப்படி? முதல் வழி, கூறுகளைப் பாதி அளவாக்கி மீண்டும் கணக்கிடுவது. துளையின் விளிம்பில் தகைவு முன்னைவிட மிகவும் உயர்ந்துவிட்டால் முந்தைய வலை போதவில்லை என்று பொருள். விடை ஏறக்குறைய அப்படியே நின்றால் மேலும் சிறிதாக்கத் தேவையில்லை.

இரண்டாவது வழிக்குக் கணினியே வேண்டியதில்லை. அதற்குத்தான் அந்த 40. கடல்நீர் கதவை 40 கிலோ நியூட்டன் விசையால் தள்ளுகிறது என்றால், கதவைத் தாங்கும் சட்டகமும் கீல்களும் சேர்ந்து அதே 40ஐத் திருப்பித் தள்ளியாக வேண்டும். கணினி தரும் தாங்குவிசைகளைக் கூட்டிப் பார்த்தால் போதும். 12 துண்டுகளாக இருந்த தகடு, இரு துளைகளையும் சுற்றி வெட்டிய பிறகு முப்பதை நெருங்கும் துண்டுகளாகிவிடுகிறது. அத்தனை துண்டுகளுக்கும் ஒன்றுவிடாமல் நீரழுத்தத்தைக் கொடுக்க வேண்டும். பிரித்தவரே ஒன்றை மறப்பது எளிது. கீழ்வரிசையின் நடுத்துண்டை மறந்துவிட்டால் கூட்டுத்தொகை 40க்குப் பதிலாக 34ஆக வரும். திரையில் வண்ணப்படம் வழக்கம்போலப் பளிச்சென்று தெரியும். பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தோன்றாது. ஆறு கிலோ நியூட்டன் எங்கே போனது என்று தாளும் பென்சிலுமாகக் கேட்பவர்தான் மறுபடியும் படத்தைத் திறந்து, ஒவ்வொரு துண்டாகத் தொட்டுப் பார்த்து, அழுத்தம் கொடுக்காமல் விட்ட அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பார்.